நான்காகப் பிரியும் மாதிரி

கெட்டுப்போன மீன்மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் குழியில் தள்ளும் படம் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும். உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனை என்றாலே பலருக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது வேலையின் சுலபமான பாதி. நாறும் மீனும் பூசணம் பிடித்த கறியும் தாமே சாட்சி சொல்லிவிடும். கடைக்காரருக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிட்டு அவற்றை அழிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

மூக்குக்கும் கண்ணுக்கும் பிடிபடாத பண்டத்தில்தான் சிக்கல். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் மாட்டியது நினைவிருக்கும். அந்த ரோஸ் நிறம் எதனால் வந்தது என்று பார்வையால் சொல்ல முடியாது. ஆய்வகம்தான் அதில் ரோடமின்-பி இருப்பதைக் காட்டியது. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம் அது. முதலில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் தடை விதித்தன.

இப்படிச் சந்தேகம் வரும் இடத்தில் அலுவலர் சரக்கைப் பறிமுதல் செய்வார். பல நேரம் அதைக் கடைக்காரர் பொறுப்பிலேயே பிணைப்பத்திரம் வாங்கி விட்டுவைப்பார். மாதிரி எடுப்பார். அதைச் சும்மா அள்ளிக்கொண்டு போக முடியாது, சந்தை விலையைக் கொடுத்தாக வேண்டும்! 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி அந்த மாதிரி நான்காகப் பிரிக்கப்படும். ஒவ்வொன்றும் தனித்தனியே சீல் ஆகும். கடைக்காரரின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி உறையிலும் விழ வேண்டும். இடையில் யாராவது பிரித்து மாற்றினால் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகும். 14 நாளில் அறிக்கை வர வேண்டும். இரண்டு பங்கு மாவட்ட நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவது, கடைக்காரர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்குப் போகும். இரண்டு அறிக்கையும் முரண்பட்டால், நியமன அலுவலர் தம்மிடமுள்ள ஒரு பங்கை மேல் ஆய்வகத்துக்கு அனுப்புவார். அதன் முடிவே இறுதி. 'பிடித்ததும் ஏன் உள்ளே போடவில்லை?' என்று கேட்பவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள். அறிக்கை இல்லாமல் வழக்கு நிற்காது.

கடிவாளம் அலுவலருக்கும் உண்டு. தகுந்த காரணமின்றி, தொல்லை கொடுப்பதற்காகவே பறிமுதல் செய்தார் என்று நிரூபணமானால் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அலுவலர்மேல் பொய்ப் புகார் கொடுத்தவருக்கும் குறைந்தது 50,000 ரூபாய் அபராதம் உண்டு.