மழைமானியின் பெயரும் எண்ணும்

எல்லப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்குப் போய்க் கணினி படிக்கும் மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். தோட்டங்களின் மழைக் கணக்கை ஆக்டேவ் என்ற கணிப்பு மென்பொருளில் ஆராய்கிறாராம். சி மொழியில் எழுதி இணைத்த நிரல் வேகமாக ஓடுகிறது. ஆனால் வெறும் அணியைத்தான் திருப்பித் தருகிறது. மானியின் பெயர், நாள், அளவு எல்லாவற்றையும் ஒன்றாகத் தருவது எப்படி என்று கேட்கிறார்.

அருமையான கேள்வி. ஒரு மானி பத்து நிமிடத்துக்கொரு தடவை பதியும். இன்னொன்றில் காலையில் கிளாக்கர் எழுதிவைக்கும் ஒரே எண்தான் இருக்கும். நீளம் ஒவ்வாத இவற்றை ஓர் அணிக்குள் திணிக்க முடியாது. பெயரிட்ட புலங்களில் தரவை வைக்கும் ஸ்ட்ரக்டுக்குள் ஸ்ட்ரக்டாக அடுக்குவதே வசதி.

சி நிரலை இணைக்க மேட்லேப் தந்த மெக்ஸ் முறை ஆக்டேவிலும் செல்லும். அதில் ஸ்ட்ரக்டின் வெளிக்கூட்டைப் புலப்பெயர்களோடு முதலில் உண்டாக்குகிறோம். உள்ளே ஒன்றும் இராது. பிறகு உள் அணியைச் செய்து ‘செட்ஃபீல்டு’ கட்டளையால் அதில் வைக்கிறோம். என்னை எப்போதும் ஈர்ப்பது இந்தக் கட்டளைதான். அது நகல் எடுப்பதில்லை; உரிமையையே கைமாற்றிவிடுகிறது. அதன்பின் அணிக்குப் பொறுப்பு வெளிக்கூடு. கூடு அழியும்போது அணியும் அழியும்.

இரண்டு மானிகளுக்கும் நாள்கள் ஒன்றுதானே என்று ஒரே அணியை இரண்டு ஸ்ட்ரக்டிலும் வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரே ஆளின் பேரை இரண்டு டிவிஷன் செக்ரோலில் ஏற்றியதுபோல்தான். இரண்டு பக்கமும் அவர் கணக்கை முடிக்கப் பார்க்கும். முதல் கூடு அணியை அழித்துவிடும். இரண்டாவது, இல்லாத அணியை மறுபடி அழிக்கப் போகும். நிரல் சரியும். பிழை செய்த வரியில் அல்லாமல், பிறகு கூடு அழியும்போது சரிவதால், காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம். ‘டூப்ளிகேட்அரே’ கொண்டு நகல் எடுத்து வைப்பதே மருந்து. நிரம்பிய புலத்தில் புதியதை வைக்கும்முன் பழையதை நாமே அழிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அது நினைவகத்தில் கிடந்து இடத்தை அடைக்கும்.

ஆக்டேவின் சொந்த வழியான சி++ ஆக்ட் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு மதிப்பை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று அதுவே எண்ணி வைத்து, கடைசி ஆள் விட்டபின்தான் அழிக்கும். ஜான் ஈட்டன் 1992இல் முழுமூச்சாக எழுதத் தொடங்கி, தன் வேதிப்பொறியியல் பேராசிரியர் ஆக்டேவ் லெவென்ஸ்பீலின் பெயரைச் சூட்டிய மென்பொருள் ஆக்டேவ். காசில்லாமல் கிடைக்கிறது.

இந்த ஸ்ட்ரக்ட் சிக்கல்களுக்கெல்லாம் பயந்து பெயரை ஒரு கோப்பிலும் எண்ணை இன்னொன்றிலும் போடுகிறவர்கள் பலர். மலையகத்தில் அது கூடாது. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் பெய்தால், மண்சரிவுக்கு அஞ்சி மக்களை வெளியேற்றச் சொல்கிறது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். எந்த மலையில் பெய்த 150 என்று தெரியாவிட்டால் எந்த லயத்தை எழுப்புவது? 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவில் மண்ணுக்குள் போன கொஸ்லந்தை மீரியபெத்தவுக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. ஆனாலும் சனம் அங்கேயேதான் இருந்தது.

ஆகவே தம்பி, ஆக்ட் வழியிலேயே தொடங்குங்கள். பெயர், இடம், அலகு, நாள் எல்லாம் எண்ணோடு ஒரே ஸ்ட்ரக்டில் இருக்கட்டும். எழுதி முடித்ததும் உங்கள் தோட்டத்துக் கிளாக்கரிடம் காட்டுங்கள். எந்த மானி எந்த மலையில் இருக்கிறது என்பதை அவர்தான் சரிபார்த்துச் சொல்வார்.