எண்ணெய் வந்த வழியை யார் பார்த்தது?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது சென்னை எண்ணூரை அடுத்த எர்ணாவூர் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவர்களில் கறுப்புப் பட்டை அப்படியே நின்றது. படகு, வலை, ஆற்றோரச் செடி எல்லாம் பிசுபிசுத்துப் போயின. மீனவர்கள் வாளியும் குவளையுமாக ஆற்றில் இறங்கி அள்ளினார்கள். கடலில் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்கு எண்ணெய் பரவியிருப்பதை ஹெலிகாப்டரில் சென்று பார்த்துச் சொன்னது கடலோரக் காவல் படை.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்ற வாதம் மட்டும் ஓயவில்லை. மணலியில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையான சி.பி.சி.எல், தன் குழாய்களில் கசிவே இல்லை என்றது. ஆலை வளாகத்தில் தேங்கிய எண்ணெய்தான் வெள்ளத்தோடு வெளியேறியது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மழை விட்ட அன்றே மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை ஒரு ட்ரோன் பறந்திருந்தால், இந்த இழுபறியில் பாதி குறைந்திருக்கும்.

ட்ரோன் நமக்குப் புதிதல்ல. 2021-லேயே சென்னை மாநகராட்சி கால்வாய்களில் கொசுப்புழு ஒழிப்பு மருந்தை ட்ரோன் மூலம் தெளித்தது. மருந்து தெளிக்கும் இயந்திரத்தைக் கண்காணிப்புக்கும் பறக்கவிடுவதில் என்ன தடை?

வெப்பத்தைப் பதிவுசெய்யும் கேமராவைப் பொருத்தினால் எண்ணூருக்கு இன்னும் பயன். வெயிலில் தடித்த எண்ணெய்ப் படலம் தண்ணீரைவிடச் சீக்கிரம் சூடேறும். எங்கே முதலில் அள்ள வேண்டும் என்பது படத்திலேயே தெரிந்துவிடும். அனல் மின் நிலையம் கழிமுகத்தில் விடும் சுடுதண்ணீர் எதுவரை பரவுகிறது, அதனால் இறால் எங்கே குறைந்தது என்பதை மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அந்தச் சுடுதண்ணீரின் எல்லையையும் இந்தக் கேமரா கோடு போட்டுக் காட்டும்.

ஆனால் சாதாரண ட்ரோன் பார்ப்பது தண்ணீரின் மேற்பரப்பைத்தான். அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து ஆற்றின் அடியில் படிந்துகிடக்கும் சாம்பல் அதற்குத் தெரியாது. ஒரு காலத்தில் எவ்வளவு ஆழம் இருந்தது, இப்போது படகு எங்கே தரை தட்டுகிறது என்பதைக் காட்டுக்குப்பத்து மீனவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் காட்டும் இடத்தில் தண்ணீரும் சேறும் எடுத்துப் பரிசோதித்தால்தான் ட்ரோன் படத்துக்கு அர்த்தம் வரும்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. துறைமுகமும் மின் நிலையமும் எண்ணெய் ஆலையும் நெருக்கியடிக்கும் இந்தப் பகுதியில் சாமானியர் நினைத்த நேரத்தில் ட்ரோன் பறக்கவிட முடியாது. 2021 ட்ரோன் விதிகளின்படி, சிவப்பு மண்டலம் என்று குறித்த இடங்களில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அனுமதியோடு பறக்கவிடும் நிறுவனங்களும் துறைகளும் எடுக்கும் படங்கள் கோப்புக்குள் போய்விட்டால், எர்ணாவூருக்கு என்ன மாறும்?

ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளின் மழைநீர் வடிகால் வாய்களை ட்ரோனில் படமெடுக்கத் தொடங்க வேண்டும். பெருமழை நாட்களில் தினமும், மற்ற நாட்களில் வாரம் ஒருமுறையாவது. எடுத்த படம் அன்றே பொதுவெளியில் வர வேண்டும். மீனவக் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் நேராகப் போய்ச் சேர வேண்டும்.