கிதாரும் ராமநாதபுரம் மிருதங்கமும்

ராமநாதபுரம் சீமை என்றதும் நமக்கு என்னென்ன ஞாபகம் வரும்? ராமேஸ்வரம் கோயில் பிராகாரம், பாம்பன் பாலம், குண்டு மிளகாய்... அமெரிக்காவின் ஜாஸ் கச்சேரி மேடை ஞாபகத்துக்கு வருமோ? வராதுதான்! ஆனாலும் அந்த மேடையில் நம்ம ராமநாதபுரத்து மிருதங்கம் ஒலித்தது நிஜம்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த சங்கீதம். எழுதி வைத்ததை மட்டும் வாசிக்காமல், மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பது அதன் உயிர். நம் கல்பனாஸ்வரம் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

அந்த உலகில் பெரும் புகழ் பெற்றவர் ஜான் மெக்லாக்லின். 1942-ல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர். அம்மா வயலின் வாசிப்பார். வீட்டில் அம்மா வாசித்தால் பிள்ளைகளின் காது தானாகப் பழகிவிடும் இல்லையா? முதலில் வயலின், பியானோ. பதினோரு வயதில் கையில் கிதார்.

1969-ல் அமெரிக்கா போனார். போன வேகத்திலேயே ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்தார். 1971-ல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்று சொந்தக் குழு. மகாவிஷ்ணு என்பது அவருடைய குரு ஸ்ரீ சின்மாய் அவருக்கு வைத்த பெயர். எலெக்ட்ரிக் கிதார், டிரம்ஸ் என்று காதைப் பிளக்கும் சத்தம், கூட்டமோ அலைமோதியது.

வீணை வகுப்பில் ஜாஸ் மேதை

இத்தனை பேர் வாங்கிய மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மாணவராக வீணை கற்கப் போனார்!

அதே பல்கலைக்கழகத்தில்தான் மிருதங்க வித்வான் ராமநாதபுரம் வி. ராகவனும் கற்பித்துக் கொண்டிருந்தார். பாடகர் ராமநாதபுரம் கிருஷ்ணனின் தம்பி இவர். அந்த ஊருக்கு சங்கீதம் புதிசா என்ன? அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு 'பூச்சி' ஸ்ரீநிவாச ஐயங்காரை ஆதரித்தது சேதுபதி சமஸ்தானம். மிருதங்கத்தில் முருகபூபதி கொடி கட்டிய ஊரும் அதுதான்.

மெக்லாக்லின், ராகவன், வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன். இவர்கள் சேர்ந்த குழுவுக்கு 'சக்தி' என்று பெயர். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்து சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியே முதல் இசைத்தட்டாக வந்தது. அதில் ராகவனின் மிருதங்கத்தை இன்றும் கேட்கலாம்.

எலெக்ட்ரிக் கருவி எதுவும் கிடையாது. நாற்காலி கிடையாது, நம் கச்சேரி போல சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். முந்தைய இரைச்சலுக்கு வந்த கூட்டத்தை இழக்கிற துணிச்சல் அது!

ஒரு சிக்கலும் இருந்தது. வீணையில் தந்தியை இழுத்து கமகம் கொடுக்கிறோமே, கிதாரில் அது அவ்வளவு சுலபமில்லை. அதற்காகவே ஒரு தனி கிதாரைச் செய்வித்தார். மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியதால் தந்தியை விரலால் நன்றாக வளைக்க முடிந்தது. குறுக்கே ஏழு தந்திகள் ரீங்காரமாக ஒலிக்கும்.

மீண்டும் சக்தி

அடுத்த இசைத்தட்டில் ராகவன் இல்லை; மற்ற நால்வர்தான். மொத்தம் மூன்று இசைத்தட்டுகளோடு சில வருஷங்களில் குழு கலைந்தது. ராகவன் அமெரிக்காவிலேயே பலருக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுத்தார்.

1997-ல் சக்தி மறுபடி துளிர்த்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் என்று புது முகங்கள் சேர்ந்தன. 2014-ல் ஸ்ரீநிவாஸ் மறைந்தது பேரிடி. பிறகு 2023-ல் 'திஸ் மொமெண்ட்' ஆல்பம் வந்தது. 2024 பிப்ரவரியில் கிராமி விருது. அப்போது மெக்லாக்லினுக்கு வயது 82. அந்த வருஷ டிசம்பரிலேயே ஜாகிர் உசேனும் போய்விட்டார்.

"நாற்பது வயசாச்சு, இனிமே வீணை கிளாஸா?" என்று தயங்கும் சகோதரிகளே! உலகமே கைதட்டிய பிறகு சரளி வரிசைக்கு உட்கார அவர் கூசவில்லை. நாம் ஏன் கூச வேண்டும்? பரணில் உறங்கும் வீணையைத் தூசி தட்டி இறக்குங்கள்!