ஒரே வட்டு, இரண்டு எழுத்து

பெரிய வங்கிகள் பலவற்றில் இரண்டு வகைக் கணினிகள் அருகருகே இயங்குகின்றன. கணக்கு வழக்கைக் கவனிப்பது மெயின்பிரேம். 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வழிவந்த இயந்திரம். இணையச் சேவை, புள்ளிவிவர ஆய்வு போன்றவை யூனிக்ஸ், லினக்ஸ், விண்டோஸ் ஓடும் சர்வர்களில் நடக்கின்றன. இந்தச் சர்வர்களைத்தான் ஓப்பன் சிஸ்டம் என்கிறார்கள். பகலெல்லாம் மெயின்பிரேமில் பதிவான கணக்கு, இரவில் இவற்றுக்கும் வந்து சேர வேண்டும்.

நெட்வொர்க் வழியே கோப்பை நகலெடுத்து அனுப்பலாம். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். விலையுயர்ந்த மெயின்பிரேம் பிராசசரின் நேரமும் அதில் கரையும். ஒரே டேட்டாவுக்கு இரண்டு மடங்கு இடமும் வேண்டும். இரண்டு கணினிகளும் ஒரே வால்யூமைப் படித்தால் இந்தச் செலவு மிச்சம். ஸ்டோரேஜ் பெட்டிக்குள் ஒரு தனி வட்டுபோலக் கணினிக்குக் காட்டப்படும் பகுதியே வால்யூம். ஹிட்டாச்சி, இஎம்சி ஆகிய நிறுவனங்கள் தம் பெட்டிகளில் இத்தகைய பகிர்வுக்கு வழிசெய்தன.

முதல் சிக்கல் வட்டின் அமைப்பில் இருக்கிறது. மெயின்பிரேம் வெவ்வேறு நீளமுள்ள பதிவுகளை எழுதும். ஒவ்வொரு பதிவின் முன்னாலும் அதன் இடமும் நீளமும் குறிக்கப்பட்டிருக்கும். ஐபிஎம் 3390 வட்டின் ஒரு டிராக்கில் (வட்டப் பாதையில்) 56,664 பைட் வரை அடங்கும். ஓப்பன் சிஸ்டமோ 512 பைட் போன்ற சம அளவுத் துண்டுகளையே அறியும். எனவே சர்வரில் ஒரு தனி மென்பொருள் அமர்ந்து, மெயின்பிரேம் வால்யூமின் அட்டவணையைப் படித்து, வேண்டிய கோப்பைத் தேடியெடுத்துத் தர வேண்டும்.

இதைவிடக் கடினமானது எழுத்துக் குறியீடு. மெயின்பிரேமின் எப்சிடிக் முறையில் 'ஏ' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தின் எண் 193, சர்வர்களின் ஆஸ்கி முறையில் 65. வரிசையும் வேறு. எப்சிடிக்கில் எழுத்துகளுக்குப் பிறகே இலக்கங்கள் வரும். ஆஸ்கியில் இலக்கங்கள் முதலில். ஆகவே அங்கே வரிசைப்படுத்திய பட்டியல் இங்கே வரிசை தப்பி நிற்கும்.

எல்லா பைட்டையும் எழுத்தென்று எண்ணி மாற்றிவிட்டால் பணமே மாறிப்போகும். மெயின்பிரேமில் கோபால் (COBOL) மொழியில் எழுதிய நிரல்கள் பெரும்பாலும் தொகையை நெருக்கிச் சேமிக்கின்றன: பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் அல்லது கழித்தல் குறி. இம்முறையில் 5 என்ற தொகை ஒரே பைட்டில் அடங்கும். அதே பைட் எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி. மாற்றும் மென்பொருள் அதை ஆஸ்கி நட்சத்திரமாக்கினால், தொகையாகப் படிக்கும்போது 2 என்று வரும். குறியும் செல்லுபடியான கூட்டல் குறிதான். எந்த எச்சரிக்கையும் எழாது. பதிவின் எந்தப் பகுதி எழுத்து, எந்தப் பகுதி எண் என்ற விவரம் கையில் இல்லாமல் மாற்றத்தில் இறங்கவே கூடாது.

இரு பக்கமும் எழுத அனுமதிப்பது இன்னும் ஆபத்து. மெயின்பிரேம் போடும் பூட்டைச் சர்வரின் இயங்குதளம் அறியாது. சர்வர் நினைவகத்தில் வைத்திருக்கும் பழைய நகலை மெயின்பிரேம் அறியாது. மெயின்பிரேம் எழுதி, கோப்பை மூடிய பிறகு சர்வர் படிப்பதே பாதுகாப்பான ஏற்பாடு. எழுதும் உரிமை ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும்.