சொந்த இணையதளமும் நூலகமும்

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் சிலர் சொந்தமாக இணையதளம் நடத்துகிறார்கள். குலதெய்வக் கோயில் வரலாறு, பாட்டி பாடிய தாலாட்டு, பழைய ஊர்ப் படங்கள் என்று அச்சில் வராத செய்திகள் அவற்றில் நிறைய. ஆனால் வருடக் கட்டணம் நின்றால் தளமும் நின்றுவிடும். 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியபோது லட்சக்கணக்கான சொந்தப் பக்கங்கள் போயின. இன்டர்நெட் ஆர்கைவ் போன்றவர்கள் அவசர அவசரமாகப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது.

"நூலகம் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. எடுத்து வைப்பது என்றாலே பிரதி எடுப்பதுதான். பிரதி எடுக்கும் உரிமை எழுதியவருடையது, சிக்கல் அங்கேதான்.

அச்சுப் புத்தகத்துக்கு நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்பட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். இணையதளம் அதில் வராது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் ஒரு சலுகை சேர்த்தார்கள்: லாப நோக்கமற்ற பொது நூலகம், பாதுகாப்புக்காக மின்வடிவில் பிரதி வைக்கலாம். ஆனால் அந்தப் படைப்பின் மின்வடிவல்லாத பிரதி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். இணையத்தில் மட்டுமே பிறந்த பக்கத்துக்கு அப்படிப்பட்ட பிரதி ஏது?

பிரிட்டனில் 2013-க்கு முன்பு தளத்துக்குத் தளம் அனுமதி கேட்டுத்தான் சேகரித்தார்கள். பதில் வராவிட்டால் தளமும் சேராது. 2013-இல் சட்டமே நூலகங்களுக்கு அதிகாரம் தந்தது. ஆனாலும் அப்படிச் சேர்த்ததை நூலக வளாகத்துக்குள்தான் பார்க்கலாம். வெளியே எல்லோருக்கும் காட்ட உரிமையாளரின் அனுமதி தேவை.

ஆக, இங்கே அனுமதிதான் ஒரே வழி. அதைத் தரக்கூடியவர் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். எழுதியவர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அது வாரிசுகளுக்குப் போகும். பெங்களூரில் ஒருவர், மும்பையில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர் என்று பிள்ளைகள் இருந்தால் நூலகம் யாரைத் தேடிப் பிடிக்கும்?

"தாராளமா வெச்சுக்குங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. சட்டம் எழுத்தில் கேட்கிறது. எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ஆகையால் கடிதத்தில் எந்தப் பக்கங்கள், எந்த நூலகம், பதிப்புரிமைக் காலம் முழுவதுமா, உலகம் முழுவதுமா, பொதுமக்களுக்குக் காட்டலாமா என்பதைத் தெளிவாகக் குறியுங்கள். இப்படி அனுமதி தருவதால் உங்கள் உரிமை கைமாறிவிடாது.

இன்னொன்று. தளத்தில் இருப்பதெல்லாம் நம்முடையது அல்ல. நண்பர் எழுதிய கடிதத்தின் உரிமை நண்பருக்கே. சினிமாப் பாட்டு வேறொருவர் சொத்து. அவற்றைத் தனியே பிரித்துக் குறித்துவையுங்கள். உறவினரின் விலாசம், தொலைபேசி எண் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் வாரிசு எழுதுகிறோம். அந்தக் கோப்பிலேயே இந்த ஒரு பக்கக் கடிதத்தையும் சேர்த்துவையுங்கள். பேரப்பிள்ளைகள் ஊரைத் தெரிந்துகொள்ள அது உதவும்.