ஒலி நாடகமும் சிறார் மனவுறுதியும்

புத்தளக் கரைக்கு இடர் புதிதன்று. 1990 ஒக்டோபரில் வடக்கினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிற் புகலடைந்தனர். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த பெருவெள்ளம் இம்மாவட்டத்தையும் வருத்தியது. இடர் கண்ட சிறுவர்க்கு உணவும் உறையுளும் மட்டும் போதா. அச்சத்தைச் சொல்லாக்கும் வழியும் வேண்டும்.

அதற்கு ஒலி நாடகம் ஏற்றதொரு கருவியாகும். மேடையிலே நடிகர் பிறர் பார்வைக்கு உள்ளாவர். இங்கோ குரல் மட்டுமே வெளிப்படும். ஆதலின் கூச்சமுள்ள பிள்ளையும் தன் துயரைக் கதைமாந்தர்மேல் ஏற்றிக் கூறும். தகட்டை அசைத்தால் இடி. சுளகிற் பயற்றை உருட்டினால் அலை. தான் அஞ்சிய ஓசையைத் தானே எழுப்பித் தானே நிறுத்தும் பிள்ளை, அவ்வச்சத்தை ஆளப் பழகுகின்றது. உடப்பு மீனவர் கரைவலை இழுக்கையிற் பாடும் அம்பாப் பாடலைச் சேர்ப்பின், பலர் கை கூடினாலன்றி வலை கரையேறாதென்பதும் புலனாகும்.

பட்டதை அப்படியே நடிக்குமாறு ஆசிரியர் எவரையும் வற்புறுத்தலாகாது. பேச விரும்பாத பிள்ளைக்கு ஓசை எழுப்பும் பணியை அளிக்கலாம். கதையின் முடிவை மாணவரே வகுத்தல் வேண்டும். துயர் தணியாத பிள்ளையை உளமருத்துவரிடம் சேர்ப்பித்தலும் ஆசிரியர் கடனே. நாடகம் மருந்தன்று, ஆயினும், மௌனத்துள் தனித்திருந்த பிள்ளையைத் தோழரோடு சேர்க்கும் ஆற்றல் அதற்குண்டு.