பழைய மடிக்கணினியும் பேசாத மோடமும்

விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு உடையவர் யார்? வாங்கியவரே உடையவர் என்று நாம் எளிதில் சொல்லிவிடுவோம். ஆனால், கணினியைப் பொறுத்தவரை இவ்விடை முழுதும் பொருந்துவதன்று. பொருள் நம் கையில் இருக்க, அதைப் பேசவைக்கும் இரகசியம் செய்தவரிடமே தங்கிவிடுவதுண்டு. மடிக்கணினியின் வயிற்றில் அமைந்திருந்த தொலைபேசி மோடம் இதற்கு ஒரு நல்ல சான்று.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. ஆகவே, பழைய கணினிகளைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் லினக்ஸ் ஏற்றிப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகின்றது. அதைவிடப் பழைய மடிக்கணினிகள் சிலரது பரணில் உறங்குகின்றன. கடைக் கணக்கும் பிள்ளைகளின் படங்களும் ஊருக்கு எழுதிய கடிதங்களும் அவற்றினுள் இருக்கக்கூடும்.

கம்பி வழியே வந்த கடிதம்

பதினெட்டாம் நூற்றாண்டில் திவான் இராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை நிறுவினார். அது முதலாகப் பாண்டி நாட்டு வணிகர்க்கும் இந்நகருக்கும் உள்ள உறவு வலுப்பெற்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லைகள் மாறின. கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. எனினும், ஆரியசாலையில் கடை வைத்திருப்பவருக்குக் கொள்முதல் ஒருபுறம், பெண் கொடுத்த வீடு மறுபுறம் என்னும் வாழ்க்கை மாறவில்லை. அவ்விரண்டையும் இணைத்தவை தபாலும் தொலைபேசியுமே.

1995 ஆகஸ்ட் 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையை இந்தியாவில் தொடங்கியது. வீட்டுக்கு அது தொலைபேசிக் கம்பி வழியாகவே வந்தது. கணினியின் எண்களை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்புவதும், வரும் ஒலியை மீண்டும் எண்களாக்குவதும் மோடத்தின் தொழில். இணைப்பு ஏற்படும் போது கேட்கும் கீச்சொலி, இரு மோடங்களும் தமக்குள் வேகத்தைப் பேசி முடிவு செய்யும் ஒலியே ஆகும். அதன் உச்ச வேகம் ஏட்டளவில் நொடிக்கு 56,000 பிட்டுகள். 33,600 பிட்டு வேகம் கிடைத்ததாகக் கொண்டாலும், 700 மெகாபைட்டுள்ள ஒரு லினக்ஸ் குறுந்தகட்டை இறக்க ஏறத்தாழ 46 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் தொலைபேசிக் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே, அக்காலத்தில் லினக்ஸ் தட்டுகள் கம்பி வழியே வராமல் கைமாறியே பரவியதில் வியப்பில்லை.

பாதி உடல்

பழைய பெட்டி மோடம்கள் முழு உடல் கொண்டவை. ஒலியைக் கணக்கிடும் சில்லும் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் சில்லும் அவற்றினுள்ளேயே இருந்தன. எந்த இயங்குதளம் கட்டளையிட்டாலும் அவை கேட்கும். 1990களின் பிற்பகுதியில் செலவைக் குறைக்கக் கருதிய உற்பத்தியாளர்கள், இவ்வேலையின் பெரும்பகுதியைக் கணினியின் நடுச்சில்லின் தலையில் சுமத்தினார்கள். மோடத்தில் எஞ்சியது கம்பியை இணைக்கும் சிறு பகுதி மட்டுமே. மூளையோ ஒரு மென்பொருளாக மாறிற்று. அம்மென்பொருளை விண்டோசுக்கு மட்டுமே அளித்தமையால், இதற்கு 'வின்மோடம்' என்ற பெயர் நிலைத்தது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் அமைந்தவை இவையே.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தம் மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றுகிறார். திரை ஒளிர்கிறது, விசைப்பலகை இயங்குகிறது, மோடமோ ஊமையாய்க் கிடக்கிறது. கருவி பழுதுபட்டதன்று, அதனோடு பேசும் மொழி மறைக்கப்பட்டது. குறையைத் தீர்க்கும் மென்பொருளோ இணையத்தில் இருக்கிறது. இணையத்தை அடைய மோடம் வேண்டும். கிணற்றுக்குள் வாளி விழுந்து, அதை எடுக்கும் கயிறும் வாளியோடு போனாற்போன்ற நிலைமை அது!

பூட்டைத் திறந்தவர்கள்

இத்தகைய இடரிலிருந்தே கட்டற்ற மென்பொருள் இயக்கமும் பிறந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், அடிக்கடி தாள் சிக்கிக்கொண்ட ஓர் அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்த விரும்பினார். அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்ததற்கு அந்த அனுபவமும் ஒரு தூண்டுகோல். 1991இல் லினஸ் டோர்வால்ட்சு லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நம் திருவனந்தபுரத்திலேயே தொடங்கப்பட்டது. கேரள அரசின் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் பள்ளிகளுக்குள் லினக்ஸைக் கொண்டுவந்தது. அதுவே 2017இல் 'கைட்' என்னும் நிறுவனமாக வளர்ந்தது. ஆகவே, இம்மாநிலத்தில் படித்த நம் பிள்ளைகளுக்கு லினக்ஸ் அந்நியமானதன்று.

வின்மோடத்தின் பூட்டைத் திறக்கவும் உலகெங்கும் பலர் முயன்றனர். பிரான்சு நாட்டுப் பபிரிஸ் பெல்லார்டு, முழுதும் திறந்த ஒரு மென்மோடத்தை எழுத முற்பட்டார். லூசென்ட் சில்லுகளுக்கு ஒரு பகுதி மூடிய இயக்கி கிடைத்தது. ஸ்மார்ட் லிங்க் நிறுவனமும் அவ்வாறே பாதி திறந்த, பாதி மூடிய ஓர் இயக்கியைத் தந்தது. கோனெக்சன்ட் சில்லுகளுக்கு லினக்சன்ட் என்னும் நிறுவனம் இயக்கி விற்றது. இலவசமாகத் தந்த வடிவம் 14,400 பிட்டு வேகத்திற்கு மேல் ஓடாது. முன்னே சொன்ன குறுந்தகட்டை இவ்வேகத்தில் இறக்க 108 மணி நேரம் ஆகும்!

மூடிய பகுதி உள்ள இயக்கிக்கு மற்றொரு குறையும் உண்டு. கெர்னல் மாறும் போது அதுவும் மாற வேண்டும். 2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வெளிவந்தபோது, 2.4க்கென எழுதப்பட்ட இயக்கிகள் அதனோடு பொருந்தவில்லை. மூலநிரல் இருந்தால் வேறொருவர் திருத்துவார். இல்லையேல் உற்பத்தியாளரின் மனம் இரங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

செய்முறை

முதலில் மோடம் எவ்வகை என்று அறிய வேண்டும். கணினியின் உறுப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளை பெயரைச் சொல்லும். பல மடிக்கணினிகளில் மோடம் ஒலிச் சில்லோடு ஒட்டியே இருக்கும். அவ்வகையாயின், கெர்னலிலேயே உள்ள 'ஆல்சா' ஒலி இயக்கியும், ஸ்மார்ட் லிங்கின் 'எஸ்எல்மோடம்டி' என்னும் நிரலும் சேர்ந்து அதைப் பேசவைத்தல் கூடும். அந்நிரலின் மூடிய பகுதி 32 பிட்டு வடிவிலேயே உள்ளது. ஆதலால் 32 பிட்டு முறைமையோ, அதற்குரிய துணைநிரல்களோ தேவை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய 32 பிட்டு கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. அத்தகைய கணினிகளுக்கு டெபியன் 12 பொருந்தும்.

இரண்டாவது, நிரலைத் தொடங்கும் போதே நாட்டைக் குறிப்பிட வேண்டும். நாட்டுக்கு நாடு தொலைபேசி ஒழுங்குகள் வேறுபடும். மோடம் 'டயல் ஒலி இல்லை' என்று முறையிட்டு நின்றால், 'ஏடிஎக்ஸ்3' என்ற கட்டளையை முன்னே இடுக. அவ்வொலிக்குக் காத்திராமல் அது எண்ணைச் சுழற்றும். இணைக்கும் பணிக்கு 'டபிள்யூவிடயல்' என்னும் நிரல் உதவும். அதன் அமைப்பில் 'கேரியர்' சோதனையை நிறுத்திவிடுவது இவ்வகை மோடத்திற்கு நல்லது.

மூன்றாவது, எச்சரிக்கை. வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மணி அடிக்கும் போது அது மேலும் உயரும். அலுவலகங்களின் டிஜிட்டல் இணைப்பகக் கம்பியில் மோடத்தைச் செருகினால் அது எரிந்துவிடக்கூடும். ஐப்பசியின் இடிமழை நம் நகருக்குப் புதிதன்று. வானம் கறுத்தவுடன் கம்பியைக் கழற்றிவிடுக. மோடத்தோடு கணினியின் தாய்ப்பலகையும் மின்னலுக்கு இரையாகாமல் தப்பும்.

இன்று என்ன பயன்?

மோடம் வழி இணையத்தின் காலம் முடிந்துவிட்டது என்றே கூறலாம். அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனமும் தன் டயல் சேவையை 2025 செப்டம்பர் 30ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. செப்புக் கம்பித் தொலைபேசி உள்ள வீட்டில் தொலைநகல் அனுப்ப இம்மோடம் பயன்படும். 'ஈஃபேக்ஸ்' போன்ற நிரல்கள் அதற்கு உண்டு. கண்ணாடி இழை வழியாக வரும் தொலைபேசியில் மோடத்தின் ஒலி சிதைவுறுவது இயல்பு. அங்கே நம்பிக்கை வைக்க வேண்டா. உள்மோடம் எவ்வாற்றானும் இணங்காவிடில், சீரியல் துளையில் இணைக்கும் முழு உடல் மோடம் ஒன்றே போதும். அதற்குத் தனி இயக்கி தேவையில்லை.

எனினும், மோடத்தினும் பெரியது அது கற்பித்த பாடம். அதே துன்பம் பின்னர்க் கம்பியில்லா இணைப்புச் சில்லுகளிலும் வந்தது. பிராட்காம் நிறுவனம் 2010 செப்டம்பரில்தான் தன் சில்லுகள் சிலவற்றிற்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது. அதற்கு முற்பட்ட மடிக்கணினிகளில் இன்றும் இச்சிக்கலைக் காணலாம். ஆகையால், பிள்ளைகளுக்காகப் பழைய கணினி வாங்குவோர், நினைவகமும் தட்டும் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. லினக்ஸ் ஏற்றிய நினைவுக்குச்சி ஒன்றைக் கடைக்கே கொண்டு சென்று, அதிலிருந்து கணினியை இயக்கிப் பார்க்கவேண்டும். இணையம் கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா என்று அங்கேயே சோதித்தறிதல் நலம்.

பரணில் கிடக்கும் மடிக்கணினியையும் ஒருமுறை கீழே இறக்குங்கள். அதன் கடவுச்சொல் மறந்திருப்பினும், தட்டு மறையாக்கப்படாமலும் பழுதுபடாமலும் இருந்தால், நினைவுக்குச்சியிலிருந்து லினக்ஸை இயக்கி உள்ளிருப்பவற்றைப் படிகள் எடுத்துக்கொள்ளலாம். பேரேடு எழுதிய பாட்டனாரின் கையெழுத்தைப் போற்றும் நாம், அவர் மகன் தட்டச்சு செய்த கணக்கையும் கடிதத்தையும் அழியவிடுவது முறையாகாது. அவற்றை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்திய பின்னர், கணினியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். திறந்து பார்த்துக் கற்கட்டும். மோடம் பேசினால் மகிழ்ச்சி; பேசாவிடினும், ஏன் பேசவில்லை என்று அறிந்துகொள்ளும் பிள்ளை பெரியதொரு கல்வியைப் பெற்றுவிடும்.